கட்டைக்குப் பொட்டு வைத்த நாள்

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். அவர் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். தலைக்கவசம், தீயணைப்பான், இருபத்தைந்து வருட அனுபவம், கடைசியில் ஒரு வாழ்த்து. அதெல்லாம் உங்கள் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான். எந்தப் பக்கத்தில் தூக்கம் வரும் என்றுகூடச் சொல்ல முடியும். எனவே வேறொன்று எழுதுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆலையை விட்டு வந்த பிறகு, நான் ஒரு கிழட்டு டிராக்டரை வாங்கி, பெற்ற மகளை வாய்க்கால் வரைக்கும் அனுப்பிவைத்த கதை.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலையில் எனக்குப் பட்டப்பெயர் ‘மஞ்சள் பெயின்ட்’. நடைபாதை, தூண், படி, கைப்பிடி என்று எதைப் பார்த்தாலும் மஞ்சள் அடிக்கச் சொல்வேன். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், மஞ்சள் பெயின்ட் வந்தால் உங்களுக்கும் அடித்துவிடுவார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

எங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கருக்கு டிராக்டர் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் பதில் சொல்லாமல் மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். அங்கே உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோருக்கும் அவர் பாய். கொள்ளேகால் பக்கம் ஓர் அம்மாள் பழைய டிராக்டர் ஒன்றை விற்கிறார் என்று அவர்தான் கூட்டிப்போனார்.

வண்டி எனக்கு இரண்டு வயது இளையது. ஒரு காலத்தில் சிவப்பு நிறம். பாய் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எல்லாம் சரியா இருக்கு சார். வயசு ஒண்ணுதான் ரிப்பேர்.”

“ஸ்டார்ட்டர் இருக்கா?”

“இருக்கு சார். வேலை செய்யாது. நீங்க இருக்கான்னுதானே கேட்டீங்க?”

விற்கிற அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் வேண்டியதே இல்லீங்க. எப்பவும் சரிவுல நிறுத்துங்க. கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் குடுங்க. ஓட்டறப்ப கிளட்சை மிதிச்சுட்டு, கல்லை எடுக்கச் சொல்லி, உருள உட்டுக் காலை எடுங்க. தானா உசுரு வந்துரும். எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறமும் இத்தனை வருசமா அப்படித்தான் ஓடுது.”

நான் என் தொழிலைக் காட்டினேன். கையில் தாளும் பேனாவுமாக வண்டியைச் சுற்றி வந்து பதினேழு குறைகளை எழுதினேன். பிரேக் பெடலைப் பிடித்துவைக்கும் கொக்கி தேய்ந்திருந்தது, இடது மட்கார்டு ஆடியது, இப்படியே பதினேழு. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டீங்க” என்றார்.

லாரியில் வண்டியை ஏற்றிக் கிளம்பும்போது அந்த அம்மாள் கூப்பிட்டார்.

“ஏனுங்க, கல்லை உட்டுட்டுப் போறீங்க?”

டிராக்டர் நின்றிருந்த இடத்தில் அம்மிக்கல் அளவுக்கு ஒரு கருங்கல் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் சக்கரத்தின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து குழிந்திருந்தது.

“கல் எதுக்கும்மா? எங்க பக்கம் இல்லாத கல்லா?”

“இது வண்டியோட சேர்த்திங்க. டேய், தூக்கி லாரியில வை.”

அவருடைய மகன் உள்ளிருந்து வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, மறுபேச்சில்லாமல் கல்லைத் தூக்கினார்.

“வேண்டாங்க, வெச்சுடுங்க. நான் முறைப்படி கட்டை செஞ்சு போட்டுக்கறேன்” என்றேன். உடனே இறக்கி வைத்தார். அம்மா சொன்னால் தூக்குகிறார், நான் சொன்னால் இறக்குகிறார். இப்படி ஒரு பிள்ளை நம் வீட்டில் இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினேழு குறைகள் எழுதியவன், அந்தக் காலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அது வண்டியில் இல்லை அல்லவா?

ஊருக்கு வந்து, தச்சரிடம் சொல்லி ஆப்பு வடிவத்தில் இரண்டு கட்டைகள் செய்தேன். மஞ்சள் அடித்தேன். குறுக்கே கறுப்புக் கோடு போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண் எழுதினேன். தினசரிச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டேன். என் மகள் சிந்து கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அப்பா, ரெண்டே கட்டைக்கு நம்பர் எதுக்கு? மூணாவது ஒண்ணு வந்து கலந்துடுமா?”

“ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“ஆய்த்து ஆய்த்து” என்று கன்னடத்தில் சரி சொன்னாள். “ஒழுங்கா ஓடினா சரி.”

வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. கொட்டகைக்கு முன்னால் தரை இயல்பாகவே சரிவு. அங்கே நிறுத்தினேன். கட்டை எடுத்து, உருளவிட்டு, காலை எடுத்தால் நாலு முறை இருமி, ஒரு முறை திட்டி, புகை கக்கிக்கொண்டு கிளம்பும். சரிவின் அடியில் இடப்பக்கம் எங்கள் எருமேடு. நேர் எதிரே வாய்க்கால். இவ்வளவு இடம் இருக்கையில் வண்டியை ஏன் வாய்க்காலைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆலையில் இதை நீங்கள் செய்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். என் வீட்டில் என்னைக் கேட்க ஆள் இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் நான்தான் நிபுணன்.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்று என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிளிலிருந்து பஸ் வரை எல்லாவற்றுக்கும் மாலை. எங்கள் நிலத்திலும் காலையிலேயே வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமந்திப்பூச் சரம் சுற்றினோம். வண்டிக்குப் பக்கத்தில் வாழையிலை விரித்து, மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர், மருந்தடிக்கும் பம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். வரிசை கொஞ்சம் மங்கலாக இருந்தது. எல்லாம் துரு நிறம். அப்போது என் கண்ணில் அந்தக் கட்டைகள் பட்டன. பளபளவென்று மஞ்சள். ஏற்கெனவே பாதிப் பூஜை முடிந்தது போல இருந்தன.

நான்தான் எடுத்தேன். மனைவி இல்லை, மகள் இல்லை, கூலிக்கு வந்தவர் யாரும் இல்லை. இருபத்தைந்து வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த நான், சரிவில் நிற்கும் டிராக்டரின் சக்கரத்துக்கு முன்னாலிருந்து இரண்டு கட்டைகளையும் என் கையாலேயே எடுத்து, துடைத்து, இலையில் வைத்து, பொட்டு வைத்தேன். அவற்றுக்குப் பதிலாக, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தேன். அதே கருங்கல்லாக இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். அழகாக இருந்ததுதான் அந்தக் கட்டைகள் செய்த குற்றம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை சரிபார்ப்புப் பட்டியலையும் நிரப்பினேன். ‘கட்டைகள் இரண்டும் உள்ளனவா? ஆம். சுத்தமாக உள்ளனவா? ஆம். வண்ணப்பூச்சு நல்ல நிலையில் உள்ளதா? ஆம்.’ எல்லாம் உண்மை. எங்கே இருக்கின்றன என்று என் பட்டியல் கேட்கவே இல்லை.

கற்பூரம் காட்டியாகிவிட்டது. திருஷ்டி கழிக்க, மேலே கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைக் கையில் எடுத்தேன். என் மனைவி கைபேசியை நீட்டிக்கொண்டு, “இரு இரு, உடைக்கறதுக்கு முன்ன ஒரு போட்டோ. சிந்து, மேலே ஏறி உக்காரு. ஓட்டற மாதிரி பாரு” என்றாள்.

சிந்து ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். ஓட்டுகிற மாதிரி என்றால் கால் எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா? இடது காலை ஒரு பெடலில் வைத்து நன்றாக மிதித்தாள். அதுதான் கிளட்ச். அதுவரை வண்டியைப் பிடித்துவைத்திருந்தது கியர் ஒன்றுதான். கிளட்சை மிதித்ததும் அதுவும் கையை விட்டது. மிச்சம் இருந்தது எலுமிச்சம்பழம்.

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் மெல்லிய சத்தம். எனக்கு இன்னும் கேட்கிறது. மனைவி முதலில் சிரித்தாள். சகுனம் நன்றாக இருக்கிறது, தானாகவே ஏறி இறங்குகிறதே என்று நினைத்தாளாம். டிராக்டர் சரிவில் உருள ஆரம்பித்தது. இன்ஜின் ஓடாததால் எந்தச் சத்தமும் இல்லாமல், வாழைக்கன்றுகள் ஆட, கல்யாண ஊர்வலம் போல, வாய்க்காலை நோக்கிப் போனது. தசரா சமயம், வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிந்துவுக்கு நீச்சல் தெரியாது.

ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. இதை உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டிராக்டரில் இன்னும் கண்டிப்பாகக் கூடாது. உட்காருகிறவருக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பின் சக்கரங்கள். குதிப்பவர் விழுவது அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான். வகுப்பில் ஒவ்வொரு குழுவையும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைப்பேன். குதிக்காதே, குதிக்காதே, குதிக்காதே.

நான் பூசணிக்காயோடு டிராக்டரின் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே, தொண்டை கிழியக் கத்தினேன்.

“குதி! சிந்து, குதி!”

என் மகள் எந்த நாளிலும் என் பேச்சைக் கேட்டவள் இல்லை. பொறியியல் படி என்றேன், வணிகவியல் படித்தாள். முடியை வெட்டாதே என்றேன், வெட்டினாள். அன்றும் கேட்கவில்லை. ஒரு கணம் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, காலைப் பெடலிலிருந்து எடுத்தாள்.

வண்டி குலுங்கியது. நாலு இருமல், ஒரு திட்டு, ஒரு கொத்துப் புகை. இன்ஜின் பிடித்துக்கொண்டது. உருண்டுகொண்டிருந்த வேகம் சட்டென்று அடங்கி, வேகமாக நடக்கிற ஆளின் அளவுக்கு வந்தது. அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுத்தாள். வலது முன் சக்கரம் கரையின் விளிம்பில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டது. கல் தண்ணீரில் விழுந்தது. டிராக்டர் திரும்பி எருமேட்டுக்குள் நுழைந்து, மூக்கு வரை புதைந்து, மூச்சடங்கி நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முழுக்கச் சாமந்திப்பூவும் சாணியும். என்னைப் பார்த்து முதலில் சொன்னது: “அப்பா, அந்தப் பூசணிக்காயைக் கீழே வைங்க.”

அப்போதுதான் கவனித்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். மேலே கற்பூரம் அணைந்து கிடந்தது. சட்டையில் கருகிய ஓட்டை.

“எப்படிம்மா தெரிஞ்சது, காலை எடுக்கணும்னு?”

“தெரியாதுப்பா. கடைசியா என்ன செஞ்சேன்னு யோசிச்சேன். காலை வெச்சேன், ஓடிச்சு. சரி, எடுத்துப் பாக்கலாம்னு எடுத்தேன்.”

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் தயாரித்த கையேடு முழுவதையும் இந்தப் பதிலுக்கு மாற்றிக்கொடுக்கச் சம்மதம். கடைசியாகச் செய்ததற்கு நேரெதிரானதைச் செய்.

அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். என் மனைவி அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னாள்: “இவர் பின்னாடியே ஓடிக் கத்தினாரே, அதனாலதான் பொழச்சா.” கைபேசியைத் தவறவிட்டு முகத்தை மூடிக்கொண்ட அவள் காதில், நான் என்ன கத்தினேன் என்பது விழவில்லை. எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். “சேஃப்டி சார் இருந்ததால ஆச்சு” என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை. சிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழக்கம் விடுமா? அந்த வாரமே விபத்து அறிக்கை எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில், ‘பயிற்சி பெறாத நபர் கிளட்சை அழுத்தியது’ என்று எழுதினேன். கை தானாக எழுதியது. சிந்து எடுத்துப் படித்தாள்.

“நான் நபராப்பா?”

“அது படிவத்துல அப்படித்தாம்மா எழுதுவோம்.”

“கட்டையை எடுத்தது எந்த நபர்?”

அடுத்த கேள்வியும் அவளிடம் இருந்தது. கேட்கவில்லை. தாளை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. கல்லூரியிலிருந்து அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடப்பேன். டிராக்டரைத் தொடவே இல்லை. பாய் வந்து எருவைக் கழுவி, பிரேக் கொக்கியை மாற்றிக் கொடுத்தார். வண்டியை எப்படி நிறுத்துவது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதும் எரிச்சலாகி, “சார், அந்தம்மா கல்லு குடுத்தாங்களே, ஏன் வேண்டாம்னீங்க?” என்றார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்லைக் கொண்டுவர, நானும் மகளும் கொள்ளேகாலுக்குப் பஸ் ஏறினோம்.

அந்த அம்மாளுக்கு எங்களைப் பார்த்ததில் வியப்பே இல்லை. “வருவீங்கன்னு தெரியுமுங்க” என்றார். கல் அதே இடத்தில்தான் கிடந்தது. காபி கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். சிந்து சொன்னாள். கட்டை, பொட்டு, எலுமிச்சம்பழம் என்று அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வண்டி உருள ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும் சிந்து நிறுத்தினாள்.

“அப்ப அப்பா பின்னாடியே ஓடி வந்து கத்தினார்.”

“என்னன்னு கண்ணு?”

சிந்து என்னைப் பார்த்தாள். எருமேட்டில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

“குதின்னு கத்தினேங்க” என்றேன். “குதிக்கக் கூடாதுன்னு இருபத்தஞ்சு வருசம் பாடம் எடுத்தவன் நான். குதின்னுதான் கத்தினேன்.”

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டார். காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

“நானும் அதையேதானுங்க கத்துனேன்” என்றார். “எம் பையன் சொன்ன பேச்சு கேக்கறவன்.”

மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து மகனின் குரல் வந்தது. “அட, சும்மா இரும்மா. எத்தனை வாட்டிதான் சொல்லுவ.” காலை இழுத்து இழுத்து வந்து, கல்லைத் தூக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார். இந்த முறை அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நடத்துநர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, “மைசூர்ல கல்லு கிடைக்கலியா சார்?” என்றார். சிந்து, “இந்த மாடல் கிடைக்கலீங்க” என்றாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். பக்கத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் வழி முழுக்க வேறொன்றை நினைத்துக்கொண்டு வந்தேன்.

நம் ஆலைக் கிடங்கில், பல வருடங்களுக்கு முன், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று சரிவுப் பாதையில் சாய்ந்தது. ஓட்டியவர் குதித்தார், வண்டி அவர் இடுப்பில் விழுந்தது. உயிர் பிழைத்தார், வேலைக்குத் திரும்பவில்லை. அறிக்கை எழுதியவன் நான். ‘பயிற்சியில் சொன்னதை மீறி, தானாகக் குதித்தார்.’ தெளிவான அறிக்கை என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். புதியவர்களுக்கு மாதிரியாக அதைத்தான் இன்றும் காட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்று அந்த இடத்தில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அவருக்கு வேண்டியவர்கள். அவர்களில் யாராவது ஏதாவது கத்தினார்களா என்று நான் கேட்கவில்லை. ‘தானாக’ என்ற சொல்லுக்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடிக்கும் வரை, அந்த அறிக்கையை உங்களுக்கு யாராவது காட்டினால், அந்த இடத்தில் நீங்களே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் அறிக்கைகளில் கேளுங்கள்: கட்டையை எடுத்தது யார்? கத்தியது யார்? பதில் உங்கள் பெயராக இருந்தாலும் எழுதுங்கள். என் அறிக்கையில் இப்போது இரண்டு இடத்திலும் என் பெயர் இருக்கிறது. மனைவியும் படித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டிராக்டர் ஓடுகிறது. இப்போது சரிவில் சற்றுக் குறுக்காக, எருமேட்டைப் பார்த்து நிற்கிறது. கிளப்பக் கொஞ்சம் கஷ்டம்; பாய் கோபப்படுகிறார். சக்கரத்தின் முன்னால் கொள்ளேகால் கல். மஞ்சள் அடிக்கவில்லை.

இந்த வருட ஆயுத பூஜை அன்று என் மனைவி குங்குமத்தோடு அதன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். நானும் சிந்துவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

“எடுக்காம, அங்கேயே பொட்டு வை!”

கல்லை அசைக்காமல் பொட்டு வைத்தாள்.